ஒரு வார விடுமுறையும் நகரிப் பயணமும்

கல்லூரி மாணவர்க்கு மார்ச்சு மாதத்தில் ஒரு சிறு விடுமுறை வாய்ப்பதுண்டு. அமெரிக்க நாட்டில் இதனை வசந்த கால விடுமுறை என்பர். தில்லியில் ஹோலிப் பண்டிகையை ஒட்டி ஏறத்தாழ ஒரு வாரம் இத்தகைய ஓய்வு கிடைக்கிறது. கோடை விடுமுறை நீண்டது. அதில் சில நாட்கள் வீணானாலும் ஈடு செய்துகொள்ளலாம். ஒரு வாரத்திலோ ஒரு நாள் போனாலும் போனதுதான். ஆகவே, இதனை எவ்வாறு கழிப்பது என்பது, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

என் தமக்கையின் மகன் தில்லியில் இளங்கலை வகுப்பில் பயில்கிறான். அவனுடைய தந்தைவழிப் பாட்டியார் வாழும் ஊர் நகரி. சென்ற பங்குனியில் அங்கே செல்ல எண்ணி, அவன் ஒரு திட்டம் தீட்டி என்னிடம் கொணர்ந்தான். திருமலை, காளத்தி, நாராயணவனம், நாகலாபுரம், கைலாசகோனை அருவி, திருத்தணி, சென்னைக் கடற்கரை என ஏழு இடங்கள் அதில் இருந்தன.

“பாட்டிக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“இரவில் அங்கேதானே தங்கப்போகிறேன், மாமா!” என்றான்.

இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறுகளைச் சேர்த்து ஒன்பது நாள். தில்லியிலிருந்து சென்னைக்கு விரைவு இரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். பின்னர் அரக்கோணம், திருத்தணி வழியாக நகரியை அடைதல் வேண்டும். மீளவும் அவ்வளவே. எஞ்சுவன ஐந்து நாட்களே. ஏழு இடங்களை அவற்றுள் அடக்கினால், ஊர்களைப் பார்ப்பதைவிடப் பேருந்துகளைப் பார்ப்பதே மிகுதியாகும்.

நகரி எத்தகைய ஊர் என்பதை நேயர்கட்கு இங்கே கூறுதல் பொருந்தும். அதன் மலைமுகட்டுக்கு ‘நகரி மூக்கு’ என்று பெயர். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது பண்டு ஓர் அடையாளமாக விளங்கியது. நகரியாறு கொற்றலையாற்றுடன் கலக்கிறது. அந்நீர் பூண்டி ஏரியில் தேங்கிச் சென்னை மக்களின் தாகம் தணிக்கிறது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சில கல் தொலைவிலுள்ள நகரி ஆந்திரத்திலேயே நின்றது. தறியோசை மிகுந்த அவ்வூரில், வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுதுவோர் பலர்.

இனி, நான் மாணவனுக்குக் கூறிய யோசனையைச் சொல்கிறேன். பாட்டியாருக்குச் செவி மங்கிவிட்டது. தொலைபேசியில் உரையாட இயலாது. திங்கள்தோறும் அவர் எழுதும் கடிதம் ஒன்றே தொடர்பு. பேரனோ தமிழ் நன்கு பேசுவான், படிக்க அறியான். அன்னை படித்துச் சொல்லக் கேட்பதே வழக்கம். “இவ்விடுமுறையில் ஒரே ஒரு வேலையை மேற்கொள். பாட்டியிடமே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்” என்றேன்.

ஐந்து நாளில் இது கைகூடுமா என்று சிலர் ஐயுறலாம். தமிழில் எழுத்துக்கள் 247 என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கையே. கால், கொம்பு முதலிய குறிகள் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தாமே விளங்கும். உகர, ஊகார வரிசைகட்கு மட்டும் சற்றுப் பயிற்சி தேவை. மொழியைப் பேச அறிந்தவன் சொற்களைப் புதிதாகக் கற்பதில்லை. தான் அறிந்த சொற்களின் முகத்தைத்தான் முதன்முதலாகக் காண்கிறான்.

அவன் அவ்வாறே செய்தான். காலையில் இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது. தெலுங்குப் பள்ளியில் பயிலும் அவனுடைய அத்தை மகளும், பத்து வயதுச் சிறுமி, பலகையோடு வந்து அமர்ந்தாளாம். தில்லியில் வளர்ந்தவனுக்கும் நகரியில் வளர்ந்தவளுக்கும் குறை ஒன்றே, ஆசிரியையும் ஒருவரே. ஏழு இடங்களுள் ஒன்றை மட்டும் அவன் கண்டான். நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் மார்ச்சு மாதத்தில் சூரிய பூஜை நிகழும். கதிரவன் ஏறத்தாழ நேர் மேற்கே மறையும் அந்நாட்களில், மாலைக் கதிர்கள் மேற்கு நோக்கிய சன்னிதியுட் புகுந்து, அடுத்தடுத்த நாட்களில் திருவடி, நாபி, திருமுடி ஆகியவற்றில் படியும். பாட்டியாரும் உடன் சென்றார்.

தில்லி திரும்பிய சில நாட்களில், முதன்முறையாக அவன் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கத்தைப் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இறுதியில், “பிள்ளை மறுபடி எப்போது வரும்?” என்றிருந்தது. அன்னையிடம் சென்று அதனைக் காட்டினான். ஒவ்வொரு கடிதமும் அவ்வரியோடுதான் முடியும் என்றும், அழைத்துச் செல்ல விடுப்புக் கிடைக்காத வருத்தத்தால் தான் அதை உரக்கப் படிக்காமல் விட்டுவந்ததாகவும் அவள் கூறினாள்.

பழைய கடிதங்கள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை அவன் இப்போது ஒவ்வொன்றாகப் படித்து வருகிறான். அடுத்த விடுமுறைக்கான திட்டத்தில் ஊர்ப்பெயர் ஒன்றுதான் எழுதியிருக்கிறான்; அதையும் தமிழில் எழுதியிருக்கிறான்.