குளிர் நாட்டுத் திராட்சையும் செம்புக் கணக்கும்

ஆஸ்திரியா நாட்டில் தன்யூப் ஆற்றங்கரையில் மாட்டர்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே நிக்கோலாய்ஹோஃப் பண்ணையில் ஸாஸ் குடும்பத்தார் திராட்சை வளர்த்து, தாங்களே ஒயினும் தயாரிக்கிறார்கள். 1971-லேயே ரசாயனத்தை விட்டு உயிராற்றல் வேளாண்மைக்கு வந்துவிட்டவர்கள்.

இந்த முறையில் மாட்டுக்கொம்புக்குள் பசுஞ்சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைப்பார்கள். வசந்தத்தில் தோண்டி எடுத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கி நிலத்தில் தெளிப்பார்கள். கொடிக்கு நம்ம செந்தட்டி மாதிரி அரிக்கிற ஒரு செடியின் சாறும் உண்டு.

குளிர் நாட்டில் திராட்சைக்கு இரண்டு கண்டம். துளிர் விடுகிற நேரத்தில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிப்போகும். மழை விடாமல் பெய்தால் அடிச்சாம்பல் நோய் வரும். குலையைச் சுற்றி இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுத்தால் நோய் குறையும், அடியோடு நிற்காது. அதனால் ஐரோப்பாவில் இயற்கை விவசாயிகள் பலரும் செம்பு மருந்தைத் தொட வேண்டியிருக்கிறது.

சிக்கலே இங்கேதான். செம்பு மட்கிப் போகாது. வருஷா வருஷம் மேல்மண்ணில் சேரும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டில் மொத்தம் 28 கிலோவுக்கு மேல் செம்பு கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. நோய் தாங்கும் புது ரகங்களையும் பலர் நட்டு வருகிறார்கள்.

நாமும் போர்டோ கலவை அடிக்கிறோம். மயில்துத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு செம்புதான். இயற்கை வழியில் அனுமதி உண்டு என்பதற்காக அளவில்லாமல் அடிக்கலாமா? எந்த வருஷம், எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மண் நம்ம பிள்ளைகளுக்கும் வேண்டும்.