எந்தக் கதவைத் தட்டுவது?

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால், நம் வீடுகளில் முதலில் வந்து உட்காருவது பெரிய மாமா. அடுத்து, பத்துப் பொருத்தமும் பேஷாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்ன அதே சோசியர். இருவராலும் ஆகாவிட்டால் மகளிர் காவல் நிலையம். கவுன்சலிங் போகலாமா என்று யாராவது வாயெடுத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்பதோடு பேச்சு முடிந்தது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

மாமா தீர்ப்புச் சொல்வார். நீங்கள் அழுத கதை, அடுத்த கல்யாணப் பந்தியில் பரிமாறப்படும். ஆலோசகர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சிகிச்சைக்கு வருபவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விதிவிலக்குகள் உண்டு. முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, சண்டை எதில் ஆரம்பிக்கிறது? "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்பீர்கள். "சரி, போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?" என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் "எப்பவுமே" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. செவ்வாய்க்கிழமையை வைத்துச் செய்யலாம்.

சரி, யாரிடம் போவது? பலகையை மட்டும் நம்பாதீர்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் 'கவுன்சலர்' என்று மாட்டிவைக்கிறார். என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் மனநல மருத்துவரையே பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. காசும் இல்லை, வெளியே போகவும் வழியில்லை என்றால் 14416. 2022இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்', இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். குடும்ப நல நீதிமன்றத்திலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே போய்ச் சேரும்போது கையில் வழக்கு எண் இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி விழுகிறதென்றால், இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் கவுன்சலிங் வேண்டாம். அந்த அறையில் சொன்ன உண்மைக்கு ராத்திரி வீட்டில் அடி விழும். "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்கிற ஆலோசகரிடம் மறுபடி போகாதீர்கள். அந்த நிலையில் தேவை 181 மகளிர் உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரும்.

அடிதடி இல்லை, ஆனால் அவர் வரவே மாட்டேன் என்கிறார் என்றால், நீங்கள் மட்டும் போங்கள். சண்டையில் உங்கள் பக்கத்து வசனம் மாறினாலே அவருடைய பழைய வசனம் பொருந்தாமல் தடுமாறும். சில பேர் அதற்கப்புறம்தான், "அங்கே என்னதான் பேசுறீங்க?" என்று விசாரிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.