முன்னறிதலும் கட்டுப்பாடும்

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கம் செல்வோர் தையல் யந்திரங்களின் ஓசையைக் கேளாதிரார். அப்பகுதியில் குளிர்காலத்தில் தைக்கப்படும் பனியன், தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து, மேனாட்டார் கோடையில் அணியும் ஆடையாகின்றது. ஆகவே, சில திங்கட்குப் பின் எவர் எவ்வளவு வாங்குவர் என்பதை இன்றே மதித்து நூல் வாங்குதலும் ஆள் அமர்த்துதலும் வேண்டும். இதனையே நாம் முன்னறிதல் என்கின்றோம்.

முன்னாளில் இம்மதிப்பிற்குக் கட்டுப்பாடே ஒருவாறு துணைநின்றது. 1974-இல் தொடங்கிய பல்லிழை ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இன்ன ஆடை இவ்வளவே வரலாமென்று 'கோட்டா' வகுத்தன. அது வளர்ச்சிக்குத் தடையாயினும், அதன் மேலெல்லை யாவர்க்கும் தெரிந்திருந்தது. 2005 ஜனவரி 1-இல் கோட்டா ஒழிந்தது, சந்தை விரிந்தது, கணக்கோ கடினமாயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீத வரி விதித்தபோது, நுட்பமாகக் கணித்திருந்தோரும் திகைத்தனர்.

கணக்குப் பிழைத்தால் வியாபாரிக்கு இலாபம் குறையும். தைப்பவருக்கோ அவ்வாரக் கூலியே இல்லையாகும். ஆதலின், விதி வகுப்போர் அதனை முன்கூட்டியே அறிவித்தலும், முதலாளிமார் நல்ல பருவத்தில் பொருள் ஒதுக்கிவைத்தலும் கடமையென்போம். பொருளாதாரம் பயிலும் மாணவர், அக்கூலியையும் தம் கணக்கில் ஒரு வரியாக எழுதுவாராக.