நாலு மாதமும் நடுக்குக் காய்ச்சலும்

"பிள்ளைத்தாய்ச்சிக்கு மாத்திரை ஆகுமோ, ஆகாதோ! இரண்டு வேளை கஷாயம் குடித்தால் காய்ச்சல் தானே ஓடிவிடுகிறது."

மண்ணூரில் ஒரு வரிசை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து இப்படித் தீர்ப்புச் சொன்னார் வீட்டுக்கார அம்மாள். உள்ளே, போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் குடியிருக்கும் பெண். ஊர் ஒடிஸா, இப்போது நாலு மாதம். புருஷனுக்கு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை.

கிராம சுகாதார நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "கஷாயம் இருக்கட்டும், அம்மா. முதலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே!" என்றார்.

மலேரியாவா? அது பாட்டி காலத்து வியாதி ஆயிற்றே என்பீர்கள். 1965-ஆம் வருஷத்தில் தேசம் முழுவதற்கும் சுமார் ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு அது இறங்கியதும், ஒழிந்தது சனியன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1976-ல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது! தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் சில நூறு பேருக்கே வருகிறது, வாஸ்தவம். ஆனால், மலேரியா மிகுந்த மலைப் பிரதேசங்களிலிருந்து பிழைப்புக்கு வருகிறவர்களின் ஈரலில், 'வைவாக்ஸ்' என்ற கிருமி மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு விழித்துக்கொள்ளும். அதைப் பரப்பும் நகரத்துக் கொசுவோ சாக்கடையை நாடுவதில்லை. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்: மூடாத மாடித் தொட்டி, வலை போடாத கிணறு. நம் வீட்டுக் கொசு எவ்வளவு ஆசாரம், பாருங்கள்!

கர்ப்பிணியிடம் இந்த நோய்க்குத் தனிக் குரோதம். கொசுவுக்கே கர்ப்பிணிகள் மீது மோகம் அதிகம் என்று ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் நடந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. கர்ப்ப காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. 'பால்சிபாரம்' என்ற கொடிய கிருமி, குழந்தைக்கு உணவு அனுப்பும் நஞ்சுக்கொடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். மலேரியா மிகுந்த ஊர்ப் பெண்ணுக்குச் சில சமயம் காய்ச்சல்கூடத் தெரியாது. தாய்க்குச் சோகை முற்றும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். கரு கலைவதும் உண்டு. தலைச்சன் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். நம் ஊர்ப் பெண்களைப் போல் நோயே பழகாதவர்களுக்கோ, தாயின் உயிருக்கே மோசம் வரலாம்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், நான்காம் மாதம் தொடங்கி, கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதத்துக்கு ஒரு தடவை தடுப்பு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே, நம்மிடம் உள்ள காவலெல்லாம் கொசு வலையும், காய்ச்சல் கண்ட அன்றே ரத்தப் பரிசோதனையும்தான். சீக்கிரமே பெயரைப் பதிந்துகொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறவளை நர்ஸுக்குத் தெரியும்; வாடகை அறைக்குள் முடங்கிக் கிடப்பவளை யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கென்றே டாக்டர் பரிசோதனை நடக்கிறது. வேறு மாநிலத்துப் பெண் என்றாலும் போகலாம். பாஷை தெரியாவிட்டால், கூடப் போவதற்கு ஒரு பக்கத்து வீட்டு அக்கா போதும்.

கால் மணி நேரத்தில் பரிசோதனை அட்டையில் கோடு விழுந்தது. வைவாக்ஸ்! டாக்டர் சொற்படி குளோரோகுவின் கொடுத்தார்கள். கர்ப்பிணிக்கு அது பாதகமில்லை. ஈரலில் உறங்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுவின் மட்டும் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கூடாது. பிரசவத்துக்குப் பிறகு டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவது எத்தனை விபரீதம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

வீட்டுக்கார அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மாடிப்படியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"என்னங்க! அந்தத் தண்ணீர்த் தொட்டி மூடி ஆடி மாசக் காற்றில் பறந்துபோச்சே, அப்புறம் புதுசு வாங்கினீங்களா, இல்லையா?"