கூப்பிட்டதும் ஓடிவர நாய்க்குட்டியைப் பழக்குவது எப்படி?

இரண்டு மாதக் குட்டி வீட்டில் நம் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வரும். நாம் மாடிக்குப் போய்விட்டால் படியேறத் தெரியாமல் கீழே நின்று கத்தும். அதைக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்காது. அதே குட்டியை ஆறாம் மாதத்தில் மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டால், எத்தனை முறை கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. "இத்தனை நாள் நல்லா வந்துட்டுதானே இருந்துச்சு!" என்று வளர்ப்பவர்கள் திகைப்பது இந்த வயதில்தான். உண்மை என்னவென்றால், குட்டி அன்றைக்கு வந்தது நாம் கூப்பிட்டதற்காக அல்ல. தனித்திருக்கப் பயந்து பின்னாலேயே வந்தது. பயம் போனதும் பின்தொடர்வதும் நின்றுவிட்டது. அழைப்பு என்ற ஒன்றை நாம் இன்னும் கற்றுக்கொடுக்கவே தொடங்கவில்லை.

அதைக் கட்டாயம் கற்றுக்கொடுத்தாக வேண்டும். விரைந்து வரும் லாரி, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, புதரோரம் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன், எதிரே உறுமும் தெருநாய்க் கூட்டம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் கயிறில்லாத நாயைக் காக்க நம்மிடம் இருப்பது ஓர் அழைப்பு மட்டுமே.

நாய் போடும் கணக்கு

கூப்பிட்டால் வருவதைக் கீழ்ப்படிதல் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நாயைப் பொறுத்தவரை, "போன தடவை இந்தக் குரலுக்கு ஓடிப்போனேன், என்ன கிடைத்தது?" என்பதுதான் கேள்வி. நாம் அதை எதற்கெல்லாம் கூப்பிடுகிறோம் என்று ஒருநாள் கவனித்துப் பார்க்கலாம். குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க, நகம் வெட்ட, சங்கிலியில் கட்ட, விளையாட்டை முடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக. வந்ததெல்லாம் நஷ்டம் என்றால் அடுத்த முறை ஏன் வரும்?

ஆகவே முதல் விதி இது: கூப்பிட்ட குரலுக்கு வந்த நாய்க்கு நல்லது மட்டுமே நடக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டுமா, நாமே எழுந்துபோய்ப் பிடித்து வரலாம். அதற்கு அழைப்பைச் செலவழிக்கக் கூடாது.

இரண்டாம் விதி, தாமதமாக வந்தாலும் அடிக்கவோ திட்டவோ கூடாது. அரை மணி நேரம் அலையவிட்ட நாயின் மேல் கோபம் வருவது இயல்புதான். ஆனால் அடி விழும்போது நாய் கடைசியாகச் செய்தது என்ன? நம்மிடம் வந்தது. அடியை அதனோடுதான் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இரண்டு கை தூரத்தில் நின்று போக்குக் காட்டும்.

சொல் முதலில், தீனி பிறகு

அழைப்புக்கென்று ஒரு சொல்லை முடிவு செய்ய வேண்டும். அப்பா "வாடா" என்றும், மகள் "கம்" என்றும், பாட்டி "தோ தோ" என்றும் கூப்பிட்டால் குட்டி எதைப் பிடித்துக்கொள்ளும்? வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்ல வேண்டும். "வா" என்பது நாள் முழுக்க யார் யாருக்கோ சொல்லப்படும் சொல் என்பதால் வேறொன்றை வைத்துக்கொள்வது நல்லது. நாயின் பெயரும் இதற்கு உதவாது. கொஞ்சவும் அதட்டவும் பெயரைத்தான் சொல்கிறோம். வயல்வெளியில் பழக்குபவர்கள் விசில் வைத்துக்கொள்ளலாம். அதன் ஒலி தூரம் போகும், நம் பதற்றமோ கோபமோ அதில் தெரியாது, யார் ஊதினாலும் ஒன்றுபோல் இருக்கும்.

குட்டி பக்கத்தில் சும்மா நிற்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். சொன்ன மறுநொடி வாயில் ஒரு துண்டு தீனி வையுங்கள். குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் தம் நாய்களிடம் கண்டது இதுதான்: ஒலி முன்னால் வந்து உணவு பின்னால் வந்தால், ஒலியே உணவின் அறிகுறி ஆகிவிடும். வரிசை மாறக் கூடாது. தீனிப் பொட்டலத்தைச் சரசரவென்று காட்டிவிட்டுக் கூப்பிட்டால், நாய் பொட்டலத்துக்குத்தான் வரும். பொட்டலம் இல்லாத நாளில் வராது.

தீனி எதுவாக இருக்கலாம்? உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழி, ஈரல், முட்டை, பனீர் ஆகியவற்றில் நிலக்கடலை அளவுத் துண்டு போதும். தட்டில் தினம் விழும் அதே சோறு இந்த வேலைக்கு எடுபடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், வேகவைத்த எலும்பு ஆகியவை நாய்க்கு ஆபத்தானவை. அவற்றைக் கொடுக்கவே கூடாது.

வீட்டுக்குள் தொடங்குங்கள்

தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை விடக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இந்த நாட்களில் கூடமும் மொட்டை மாடியுமே போதுமான பள்ளிக்கூடம்.

இருவர் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒருவர் கூப்பிட, குட்டி ஓடிவந்ததும் தீனியும் பாராட்டும். பிறகு மற்றவர் கூப்பிட வேண்டும். மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டி, வேறு அறையிலிருந்தும் மறைந்து நின்றும் கூப்பிடலாம். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம் போதும். குட்டிக்கு ஆசை அடங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே சேர்க்க வேண்டிய ஒரு சிறு பழக்கம் உண்டு. குட்டி வந்ததும் ஒரு கையால் கழுத்துப்பட்டையைத் தொட்டுவிட்டு மறுகையால் தீனி கொடுங்கள். பல நாய்கள் அருகில் வரும், ஆனால் கை நீட்டியதும் துள்ளி விலகும். பட்டையைப் பிடிப்பது என்றாலே கட்டிப்போடுவது என்று கற்றுக்கொண்டதுதான் காரணம். தொட்டால் தீனி என்று முதலிலேயே பழகியிருந்தால் இந்தச் சிக்கல் வராது.

ஒரு முறைதான் கூப்பிட வேண்டும். "வா, வா, வாடா, வரப்போறியா இல்லியா" என்று நீட்டினால், முதல் மூன்றை அலட்சியம் செய்யலாம் என்பதே பாடமாகிவிடும். வராவிட்டால் கைதட்டி, குனிந்து உட்கார்ந்து, அல்லது எதிர்த்திசையில் நாமே ஓடி அதன் ஆர்வத்தைத் தூண்டலாம். நாயைத் துரத்தவே கூடாது. நாம் துரத்தினால் அதற்கு அது ஓடிப்பிடிக்கும் விளையாட்டு, அதில் அதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

நீளக் கயிறு

வீட்டுக்குள் தவறாமல் வரும் குட்டி வெளியில் வராது. புல்லில் ஆயிரம் வாசனை, வேலியில் ஓணான், தூரத்தில் இன்னொரு நாய். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். வராமலிருந்தும் சுகமாகச் சுற்றலாம் என்பதைக் குட்டி ஒருமுறை கண்டுகொண்டால் அதுவே அதற்குப் பெரிய பரிசு.

இதற்குத் தீர்வு 10 மீட்டர் நீளக் கயிறு. தட்டையான நைலான் அல்லது பருத்திப் பட்டையாக இருந்தால் கை அறுக்காது. அதை மார்புப்பட்டையில் மாட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் மாட்டினால், வேகமாக ஓடும் நாய் கயிற்றின் முடிவில் சுண்டி நிற்கும்போது கழுத்து காயப்படலாம். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது நமக்கும் ஆபத்து. வேறு நாய்களோடு விளையாடும்போது காலில் சிக்கிக்கொள்ளும் என்பதால் கழற்றிவிடவோ, விளையாட்டைத் தவிர்க்கவோ வேண்டும்.

கயிறு நாயை இழுத்து வருவதற்கு அல்ல. வராமல் போய்விடும் வாய்ப்பை அடைப்பதே அதன் வேலை. தரையில் தளர்வாக இழுபட விட்டு, நாய் ஓரளவு ஓய்ந்திருக்கும்போது கூப்பிடுங்கள். முதலில் ஆளில்லாத இடம், அடுத்து தூரத்தில் ஆட்கள் நடக்கும் இடம், அதன்பின் நாய்கள் கண்ணில் படும் இடம் என்று படிப்படியாகப் போகலாம். தூரத்தைக் கூட்டும் நாளில் கவனச்சிதறலைக் கூட்டாதீர்கள். தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை என்றால் பாடம் கடினமாகிவிட்டது என்று பொருள். ஒரு படி பின்னால் வந்துவிட வேண்டும்.

வந்தால் மறுபடி விடுதலை

அதிகம் பேர் தவறவிடும் பகுதி இது. மைதானத்தில் நாய் மிகவும் விரும்புவது ஓடுவதையும் மோப்பம் பிடிப்பதையும்தான். கோழித்துண்டுகூட அதற்குப் பிறகுதான். அதிகம் விரும்பும் செயலையே மற்றொரு செயலுக்குப் பரிசாக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரமாக் 1959-இல் எழுதினார். இங்கே அது அப்படியே பொருந்தும். கூப்பிடுங்கள், வந்ததும் பட்டையைத் தொட்டுத் தீனி கொடுங்கள், உடனே "போ" என்று விடுங்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை இப்படித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு முறைதான் வீட்டுக்கு. அழைப்பு என்றால் ஆட்டம் முடிந்தது என்ற எண்ணமே நாய்க்கு வராது.

எட்டாம் மாதம்

ஒழுங்காகப் பழகிய நாய்கூட விடலைப் பருவத்தில் செவிடுபோல் நடந்துகொள்ளும். பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டி நாய்களாகப் பழக்கப்படும் குட்டிகளைப் பார்த்தார்கள். ஐந்தாம் மாதத்தைவிட எட்டாம் மாதத்தில், வளர்ப்பவர் "உட்கார்" என்றபோது அவை குறைவாகவே கேட்டன. அறிமுகமில்லாத ஒருவர் சொன்னபோது இந்தக் குறைவு தெரியவில்லை. ஒரு வயதளவில் நிலைமை சீரடைந்தது. ஆகவே இந்த மாதங்களில் நாயைத் தண்டிப்பதோ, "இது தேறாது" என்று கைவிடுவதோ அநியாயம். மறுபடி நீளக் கயிற்றை மாட்டி, தீனியைத் தாராளமாக்கிப் பொறுமையாகக் கடந்துவிட வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு

இந்த இரு நாய் இனங்களும் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டப் பட்டையாகச் செறிந்திருக்கும். தொடுவானத்தில் சின்ன அசைவையும் அவை பிடித்துவிட இது உதவுகிறது. முயலோ மயிலோ அசைந்ததும் பாய்ந்துவிட்டால், பிறகு கூப்பிடுவதில் பயனில்லை. சில நொடிகளில் குரல் எட்டாத தூரம் போய்விடும்.

கூப்பிட வேண்டியது பாய்வதற்கு முந்தைய கணத்தில். தலை நிமிரும், காது விறைக்கும், உடல் சிலைபோல் நிற்கும். அப்போது அழைத்தால் பல நேரம் திரும்பும். இந்த இன நாய்களைச் சுற்றிலும் வேலி உள்ள தோப்பில் மட்டும் அவிழ்த்துவிடுவதே பாதுகாப்பு. நாயை விட்டுக் காட்டுயிர்களை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.

எப்போது, எங்கே அவிழ்க்கலாம்?

நீளக் கயிறு தரையில் கிடக்க, வேறொரு நாய் கண்ணெதிரே இருக்கும்போதும் முதல் அழைப்பிலேயே வாரக்கணக்கில் தவறாமல் வருகிறதா? அப்படியானால் சுவரோ வேலியோ உள்ள இடத்தில் அவிழ்த்துப் பார்க்கலாம். வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பட்டையில் நம் தொலைபேசி எண் இருக்க வேண்டும். தெருவிலும் சாலையோரத்திலும் எவ்வளவு பழகிய நாயையும் கயிற்றோடுதான் கூட்டிப்போக வேண்டும். சென்னை மாநகராட்சி போன்ற இடங்களில் அது விதியும்கூட. நாயைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கும் முதியவருக்கும் தெரு சொந்தம்.

எவ்வளவு பழக்கினாலும் சில நாய்களை வெட்டவெளியில் அவிழ்க்க முடியாது. அது தோல்வி அல்ல. 10 மீட்டர் கயிற்றில் ஆசை தீர மோப்பம் பிடித்து நடக்கும் நாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நன்றாக வரத் தொடங்கியதும் தீனியை நிறுத்திவிடுவது கடைசியாகச் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் வேண்டாம், ஆனால் அவ்வப்போது எதிர்பாராமல் கொடுத்துக்கொண்டே இருங்கள். சாலையை நோக்கி ஓடிய நாய் பாதியில் திரும்பி வந்தால், கையில் இருப்பது முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் இத்தனை மாதமும் பழக்கினோம்.