மண்ணுக்கடியில் ஒரு தலைநகரம்

1928ஆம் ஆண்டு சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கம் அமைக்க மண் தோண்டிய தொழிலாளர்களின் கையில் தங்க நகைகள் அகப்பட்டன. காலனின் முகம் பொறித்த தோள்வளை, காதணிகள். எல்லாம் மஜாபாஹித் காலத்து ஜாவாப் பாணி. 14ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் ஓர் அரசவை இருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

மலாய் மரபில் அரசன் இருக்குமிடமே தலைநகரம். அவன் பெயர்ந்தால் அதுவும் பெயரும். பலெம்பாங் இளவரசன் சாங் நீல உத்தாமா சிங்கப்பூராவை நிறுவினான் என்கிறது மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’. அவனுடைய முன்னோரில் ராஜா சூலானையும் சேர்க்கிறது. அந்தப் பெயரில் சோழரின் நினைவு ஒலிக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. கதை எப்படியானாலும், 1400ஐ ஒட்டி அரசு மலாக்காவுக்குப் போனது. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் ஜொகூர், ரியாவ் என்று அலைந்தது.

கைவிட்டுப்போன சிங்கப்பூராவை மீட்டுத் தந்தது தொல்லியல். 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழ்ந்தபோது, 19ஆம் நூற்றாண்டு மண்ணுக்குக் கீழே கலையாத பழைய அடுக்கு ஒன்று வெளிப்பட்டது. அதில் சீனப் பீங்கான், கண்ணாடித் துண்டுகள், மணிகள். பீங்கான்தான் இங்கே காலம் சொல்லும் சாட்சி. யுவான் காலச் சூளையில் வெந்த கலத்தின் மெருகும் ஓவியமும் பின்னாளையவற்றிலிருந்து வேறுபடும். அதன் காலம் தெரிந்தால், அதோடு கலையாமல் கிடந்த மற்றப் பொருள்களின் காலமும் பெரும்பாலும் பிடிபடும்.

எல்லாம் தப்பவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் மூன்று மீட்டர் உயரப் பாறையொன்று நின்றது; அதில் சுமார் ஐம்பது வரிக் கல்வெட்டு. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இன்றுவரை யாராலும் அதை ஐயமற வாசிக்க முடியவில்லை. இந்தத் தீவு இழந்த ஆவணங்களில் இதுவே பெரியது.

1832இல் ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களின் தலைமையகம் பினாங்கிலிருந்து இங்கே வந்தபோது, இது இரண்டாம் முறையாகத் தலைநகரமாகும் ஊர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஒரே நிலையம் தள்ளி தோபி காட். அங்கிருந்து குன்றுக்கு நடை தூரம்தான். முதலில் அகழ்வுக் குழியைப் பாருங்கள். பிறகு குன்றடியில், 1887இல் திறந்த கட்டடத்தில் இயங்கும் தேசிய அரும்பொருளகத்துக்கு இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.