மாநிலங்களுக்கு வருமான வரி அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும்? ஸ்காட்லாந்து அனுபவம் சொல்வது என்ன?

இந்தியாவில் வருமான வரி விதிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது. வேளாண் வருமானத்தின் மீது மட்டுமே மாநிலங்கள் வருமான வரி விதிக்க முடியும். தொழில் வரியும் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.2,500-ஐத் தாண்டக் கூடாது. 1988-ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட இந்த உச்சவரம்பு இன்றளவும் மாற்றப்படவில்லை. மாநிலங்களுக்குக் கூடுதல் வரி அதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கை தொடரும் நிலையில், பிரிட்டனின் ஸ்காட்லாந்து அனுபவம் கவனிக்கத்தக்கது.

எவ்வளவு கூடுதல் வரி?

ஊதியம் உள்ளிட்ட வருவாய்க்கான வரி விகிதங்களையும் வரம்புகளையும் நிர்ணயிக்கும் அதிகாரம் 2017 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது. 2024-25 நிதியாண்டில் அங்கு உச்ச விகிதம் 48 சதவீதம். இங்கிலாந்தில் 45 சதவீதம். ஆண்டுக்கு 50,000 பவுண்ட் ஈட்டும் ஊழியர், இங்கிலாந்தில் அதே ஊதியம் பெறுபவரை விட சுமார் 1,500 பவுண்ட் கூடுதலாகச் செலுத்தினார். குறைந்த ஊதியம் பெறுவோருக்கு வரி சற்றே குறைவு.

வருவாய் முழுமையாகச் சேருகிறதா?

இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, மக்களின் எதிர்வினை. 2024-25-இல் உயர் வருவாய்ப் பிரிவினருக்கான வரி உயர்த்தப்பட்டபோது, கணக்குப்படி கிடைக்க வேண்டிய தொகையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கிடைக்காது என ஸ்காட்லாந்து நிதி ஆணையம் மதிப்பிட்டது. எனினும், வரி செலுத்துவோர் பெருமளவில் வெளியேறிவிடவில்லை. 2018-க்குப் பின் வெளியேறியவர்களை விட குடிவந்தவர்களே அதிகம் என பிரிட்டன் வரித்துறை ஆய்வு காட்டியது. இடம்பெயராமலேயே வரியைக் குறைக்க வழிகள் உண்டு. பங்காதாயத்துக்கு பிரிட்டன் முழுமைக்கும் ஒரே விகிதம் என்பதால், சொந்த நிறுவனம் நடத்துபவர் ஊதியத்துக்குப் பதிலாகப் பங்காதாயம் பெறலாம். ஓய்வூதியச் சேமிப்பையும் அதிகரிக்கலாம்.

இரண்டாவது, மானியக் கழிவு. ஸ்காட்லாந்தில் வசூலாகும் வரி அந்த அரசையே சேர்கிறது. அதற்கு ஈடாக லண்டன் வழங்கும் மானியத்தில் ஒரு தொகை கழிக்கப்படுகிறது. பிரிட்டனின் பிற பகுதிகளில் தனிநபர் வரி வருவாய் உயரும் வேகத்தில் இந்தக் கழிவும் உயரும். எனவே, லண்டனில் ஊதியங்கள் வேகமாக உயர்ந்து ஸ்காட்லாந்தில் மெதுவாக உயர்ந்தால், வரி உயர்வின் பலனில் ஒரு பகுதி இந்தக் கழிவிலேயே கரைந்துவிடும்.

அரசியல் விளைவு என்ன?

1999 தேர்தலில், பிரிட்டன் அரசு அறிவித்த ஒரு பென்ஸ் வரிக்குறைப்பை ஸ்காட்லாந்தில் கைவிடுவோம் என்று ஸ்காட்லாந்து தேசியக் கட்சி வாக்குறுதி அளித்து, தொழிற்கட்சியிடம் தோற்றது. பின்னர் ஆட்சிக்கு வந்த அதே கட்சி, கட்டணமில்லா பல்கலைக்கழகக் கல்வி, குழந்தைகளுக்கான வாராந்திர உதவித்தொகை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி வரி உயர்வை நியாயப்படுத்தியது. ஆயினும், 2024 டிசம்பரில் அந்த நாடாளுமன்றப் பதவிக்காலம் முடியும் வரை விகிதங்களை உயர்த்த மாட்டோம் என்று அறிவிக்க நேரிட்டது.

இந்தியாவுக்கு என்ன பொருள்?

15-ஆவது நிதிக்குழு பரிந்துரைப்படி மத்திய வரி வருவாயில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் பகிரப்பட்டது. வரி அதிகாரம் மாநிலங்களுக்கு மாறினால், இந்தப் பங்கு எந்தச் சூத்திரத்தின்படி குறைக்கப்படும் என்பதே முக்கியக் கேள்வியாக இருக்கும். வருவாய் வேகமாக வளரும் மாநிலம் பயன்பெறும். பின்தங்கிய மாநிலம், விகிதத்தை உயர்த்திய பின்னும் பற்றாக்குறையைச் சந்திக்கக்கூடும். அப்போது அதற்கான பொறுப்பை டெல்லியின் மீது சுமத்துவதும் எளிதாக இராது.